புளி தேய்த்த சிப்பாய்கள்

சிப்பாயின் மூக்கு நுனியில் வேர்வை அரும்பியிருந்தது.

ஜீவராணி முதலில் அதைப் பனி என்றுதான் நினைத்தாள். பலாங்கொடை மலையில் மழைக்காலம் வந்தால் சுவரே வேர்க்கும். சுண்டுவிரல் நீள ஈயப் பொம்மை வேர்த்தால் என்ன ஆச்சரியம்? முந்தானையால் ஒற்றினாள். நீர் ஒட்டவில்லை. பசை போல் இழுபட்டு, மூக்கையும் சேர்த்துக்கொண்டு வந்தது. முந்தானையில் இளஞ்சிவப்பாய் ஒரு துணுக்கு. மூடிவைத்து மறந்துபோன கருவாட்டுச் சட்டியின் வாடை அதிலிருந்து வந்தது.

ஐந்து மாதக் கர்ப்பிணிக்கு எதுதான் குமட்டாது என்று கேட்கலாம். ஆனால் மசக்கைக் குமட்டல் எது, அருவருப்பு எது என்று அவளுக்குத் தெரியும். இது இரண்டாவது.

அவள் வேலை பார்க்கும் பங்களாவின் துரை அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பெரிய துரையாக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. தொண்ணூற்றாறில் பழைய பங்களாவை வாடகைக்கு எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, பெட்டி பெட்டியாகப் பொம்மைகளோடு வந்தார். கண்ணாடி அறையில் கட்டிலைவிடப் பெரிய மேசை ஒன்றைப் போட்டு அதன்மேல் ஒரு ஊரையே கட்டினார். தேயிலைப் பெட்டிப் பலகையில் ஃபெக்டரி, தகரக் கூரை போட்ட தொழிலாளர் லயங்கள், கடைத்தெரு, ரம்புக்கனை ஸ்டேஷன். அதற்குள்ளே, சீமையில் நூறு வருசத்துக்கு முன்னால் வார்த்த சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள், துப்பாக்கி முனையில் கத்தி செருகிக்கொண்டு அணி அணியாய் நின்றார்கள். "நாய்க்கு வேலையில்ல, நிக்க நேரமில்ல" என்பார் சமையல்காரர் பவுல், துரை காதில் விழாத தூரத்தில் நின்று.

ஜீவராணிக்கு அந்தக் கிண்டலில் சேர மனம் வராது. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் கருவிலேயே கலைந்துவிட்டன. இரண்டு முறையும் கொழுந்துக் கூடையும் முதுகுமாக மலையில் நின்றபோதுதான். இந்தத் தடவையும் மலை ஏறினால் இதுவும் தங்காது என்று தோட்டத்து மருந்தகத்து டிஸ்பென்சர் ஐயா சொல்லிவிட்டார். அவள் புருசன் ராமச்சந்திரன் துரையின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சித்தான் இந்தப் பொம்மை துடைக்கிற வேலை கிடைத்தது. அதனால் அவற்றின் வெறித்த கண்களையும் சாயம் பூசிய கன்னங்களையும் சகித்துக்கொண்டு துடைத்தாள். வயிற்றுப் பிள்ளைக்காக எதையும் சகிக்கலாம்.

துரை சொல்லியிருந்த கட்டளை ஒன்றே ஒன்று: காய்ந்த பிரஷ்ஷால் மட்டும் துடைக்க வேண்டும். ஆனால் அவர் கொழும்பிலிருந்து நாலு பெரிய மனுசர்களை, மாத்தயாமாரைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சேதி வந்திருந்தது. சிப்பாய்களோ உடம்பெல்லாம் வெள்ளையாய்ப் பூத்துக் கிடந்தார்கள். எவ்வளவு தட்டினாலும் அந்த மாவு போகவில்லை. சனிக்கிழமை காலையில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. குத்துவிளக்கை எதைப் போட்டுத் தேய்க்கிறோம்? பித்தளைச் சட்டிக்கு ஈயம் பூசி அதில் புளிக்குழம்பு வைக்கிறோமே, ஈயத்தைப் புளி என்ன செய்துவிடும்? கிண்ணம் நிறையப் புளி கரைத்தாள். ஒரு கையால் தேய்த்தாள். வாய் புளிப்புக்கு ஏங்கியதால் மற்றக் கையால் அதே கிண்ணத்திலிருந்து சக்கையை உருட்டி உருட்டி வாயில் போட்டுக்கொண்டாள். தேய்ப்பதும் சப்புவதுமாகப் பொழுது போனது. நிறைமாதம்வரை இப்படியே ஓடிவிட்டால் போதும் என்று சந்தோசமாகக்கூட இருந்தது.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான்.

"என்னா புள்ள, செத்த எலி கெடக்குற மாதிரி நாறுது?" ஞாயிறு மத்தியானம் பவுல் வாசலிலேயே நின்று மூக்கைப் பொத்தினார்.

"நேத்து புளி போட்டுத் தேச்சேண்ணே. வெள்ள பூத்துக் கெடந்துச்சு. தொர பாத்தா ஏசுவாருன்னு..."

அவர் ஒரு சிப்பாயை எடுத்தார். எடுத்த வேகத்திலேயே வைத்துவிட்டு விரல்களை இடுப்புச் சாரத்தில் துடைத்தார். "ஈயம் இப்பிடி மெத்துன்னு இருக்காதே."

"மலைக்கு அனுப்பிப்புட்டா இந்தப் புள்ளையும் தங்காதுண்ணே."

"அழுவாத. பவுடரப் போட்டு ஈரத்த எடு. நான் முச்சந்திக்குப் போயி தொரயையும் மாத்தயாமாரையும் கூட்டியாறேன். மெதுவாத்தான் வருவோம்."

அவர் போனபோது மணி மூன்றுகூட ஆகவில்லை. ஆனாலும் மலையிலிருந்து இறங்கிய மூடுபனி கண்ணாடிகளில் ஒட்டிக்கொண்டு, அறையைச் சோறு வடித்த கஞ்சி நிறத்துக்கு மாற்றி, புளிப்பும் அழுகலும் கலந்த அந்த நாற்றத்தை வெளியே விடாமல் உள்ளேயே அடைத்துவைத்தது. எங்கேயோ சொட்டுச் சொட்டாய் விழும் சத்தம். அதற்கு நடுவே, பல்லில்லாத வாய் சப்புக்கொட்டுவது போன்ற மெல்லிய ஈரச் சத்தம். அவள் பஞ்சும் பவுடருமாகக் குனிந்தாள். சிப்பாய்களின் சிவப்புச் சட்டைகள் கொப்புளித்திருந்தன. ஒரு கொப்புளத்தைப் பஞ்சால் தொட்டாள். சாயம் வழன்று வந்தது. அடியில் ஈயத்தின் கறுப்பு இல்லை. நெடுநேரம் தண்ணீரில் ஊறிய தோலின் வெளுப்பு, நுண்ணிய மயிர்க்கால்களோடு. கழுத்தை லேசாக அழுத்தினாள். வெள்ளையாய், கெட்டியாய், ஒன்று பிதுங்கி வந்தது.

கையை உதறினாள். போகவில்லை. சேலையில் தேய்த்தாள். சூடாக இருந்தது.

அப்போதுதான் முன்வரிசை கண்ணில் பட்டது. எட்டுச் சிப்பாய்கள் நிற்க வேண்டிய இடத்தில் எட்டு ஈரத் தடங்கள்தான் இருந்தன. மேசைக்கடியில் தேடினாள். ஃபெக்டரிக்குப் பின்னால், லயக் கூரைகளைத் தூக்கி, ஸ்டேஷனுக்குள் விரலை விட்டுத் தேடினாள். இல்லை. நேற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், கடைசியாக அவள் கைபட்டவை அவைதாம்.

காலையிலிருந்தே கடைவாய்ப் பல்லில் ஏதோ சிக்கியிருந்தது. புளிநார் என்று நினைத்து நாக்கால் நெருடிக்கொண்டே இருந்தாள். இப்போது நகத்தை விட்டு இழுத்தாள்.

ஒரு கை.

சிவப்புச் சட்டைக் கை. நுனியில் விரல்கள். மெத்தென்று இருந்தது. விரல்கள் மடங்கின.

நேற்று விழுங்கிய உருண்டைகள். சில ஏன் அவ்வளவு குளிர்ந்திருந்தன? புளியில் இளகிச் சுருண்டு கிடந்தவற்றைக் கொட்டை என்றுதானே விழுங்கினாள். நாக்கில் குத்தியபோதும் ஓடு என்றுதானே நினைத்தாள். தொண்டைக்குள் விரலை விட்டு ஓங்கரித்தாள். மஞ்சள் தண்ணீர். மறுபடியும். தண்ணீர் மட்டும். தன் உடம்பே அவளுக்குச் சாக்கடையாகப் பட்டது. கழற்றி எறிய முடிந்தால் எறிந்திருப்பாள்.

வயிற்றில் ஏதோ துடித்தது.

இத்தனை நாளும் அவள் அதற்குத்தான் காத்திருந்தாள். பிள்ளை இன்னும் அசையவில்லையே என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகூட வைத்திருந்தாள். ஒரு கணம் எல்லா அருவருப்பும் மறந்து அவளுக்குக் கண் கலங்கியது.

மறுபடி ஒரு துடிப்பு. இன்னொன்று. ஒரே சீராக. இடது, வலது. இடது, வலது.

சேலையை விலக்கினாள். தொப்புளுக்குக் கீழே, தோலுக்கு அடியில், ஊசிமுனை அளவில் எட்டு முனைகள் வரிசையாக எழும்பின. அமுங்கின. ஒரு விரற்கடை முன்னால் எழும்பின.

தொப்புளுக்கு வலப்பக்கத்தில் வேறொன்று அசைந்தது. பெரிதாக, மெதுவாக. அதுதான் பிள்ளை. அவள் அதன்மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள். அது கைக்கடியில் சுருண்டு, போக இடமில்லாத மூலைக்கு ஒதுங்கியது.

முனைகள் நின்றன. பிறகு எட்டும் ஒன்றாக அந்தப் பக்கம் திரும்பின.