நிஷிதானி வீட்டுக்கு ஒரு மாப்பிள்ளை

"ஐயோ... அசையாதீங்க!"

ஹினாகோ சொல்லி முடிப்பதற்குள், தோட்டத்துக்குள் நுழைந்த அந்த அந்நியனின் தோள் ஏணியில் இடித்துவிட்டது. மேல்படியில் இருந்த குப்பி உருண்டு, பேரித் தோட்டத்து மண்ணில் சிவப்பாய்ச் சிதறியது.

அவளுக்குக் கண் இருட்டியது. வேறு இனத்து மரத்தின் மகரந்தம் அது. தொட்ட பூவும் தொடாத பூவும் தெரியச் சாயம் கலந்தது. காய் பிடிக்க அதை ஒவ்வொரு பூவிலும் இறகுக் குச்சியால் ஒற்ற வேண்டும். மாலையில் மழை வேறு...

"யாருங்க நீங்க?"

"தோத்தோரி மாகாண அலுவலகம்... சுற்றுலாப் புத்தகம் எழுதுறேன். குராமோச்சி ரியோஜி." இடுப்பு வளையக் குனிந்தான். ஏணி மறுபடி ஆடியது.

"குனியாதீங்க! ஏணியாவது மிஞ்சட்டும்."

பக்கத்துத் தோட்டத்துக்கு ஓடி, அரைக் குப்பி மகரந்தம் வாங்கி வந்தான். தானும் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டான். வெள்ளைப் பூக்களுக்கு நடுவே அவன் கண்கள்... மழைக்கு முந்தைய கடல் போல. பார்க்காதே, என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

அவள் ஒரே மகள். அவளைக் கட்டுபவன் தன் குடும்பப் பெயரை விட்டு, நிஷிதானி ஆக வேண்டும். இல்லையென்றால் பெயரும் தோட்டமும் அப்பாவோடு முடிந்துவிடும். இரண்டு வரன்கள் அதைக் கேட்டதும் தேநீரைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விட்டார்கள்.

"புத்தகத்துல என்ன எழுதுவீங்க?"

"மணல்மேடு, நண்டு, பேரிக்காய்... ஜப்பான்லயே ஜனம் குறைஞ்ச மாகாணம்."

"ஆளே இல்லைன்னு சொல்லியா ஆளைக் கூப்பிடுவீங்க?"

"ஆள் கம்மிங்கிறதாலதான்... ஒருத்தரைப் பார்த்தா மறக்க முடியல."

அவள் முகத்தைப் பூவுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

கடைசி மரம் முடிந்ததும் மழை பிடித்தது. கொட்டகையில் அப்பா தேநீர் ஊற்றியபடி கேட்டார். "தம்பி, வீட்டுக்கு எத்தனாவது பிள்ளை?"

"மூத்தவன். அப்பாவுக்கு நண்டுப் படகு. எங்க குடும்பப் பேர்லயே ஓடுது."

மூத்த பிள்ளை குடும்பப் பேரை விடுவானா? அப்பா தேநீர்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வாசலில் ஹினாகோ அவனுக்குக் குடையை நீட்டினாள். "புத்தகத்துக்கு வேண்டியது கிடைச்சிடுச்சில்ல? இனி வராதீங்க." உன் பெயரை விட்டு வா என்று எந்த வாயால் கேட்பது? கேட்கமாட்டாள்... செத்தாலும் கேட்கமாட்டாள்.

நாற்பது நாள் அவன் வரவில்லை.

அன்றும் மழை தூறிக்கொண்டிருந்தது. ஹினாகோ ஏணியில் நின்று, கட்டைவிரல் அளவுக் காய்களுக்குப் பூச்சி அண்டாமல் காகித உறை மாட்டிக்கொண்டிருந்தாள். கீழே யாரோ மூச்சிரைத்தார்கள். நனைந்த முடியோடு... அவன்!

"உங்க பேரை ஏத்துக்கிற மாப்பிள்ளைதான் வேணும்னு பக்கத்துத் தோட்டத்துல சொன்னாங்க. நான் ஏத்துக்கிறேன்னதும் எங்க அப்பா ஒரு மாசம் பேசல. நேத்துதான் வாயைத் திறந்தாரு. 'படகைத் தம்பி பார்த்துப்பான், நீ அலையைப் பார்த்தாலே வாந்தி எடுக்கிறவன்தானே'ன்னாரு." ஏணியைப் பிடித்துக்கொண்டான். "நிஷிதானி ரியோஜி... கேக்க நல்லா இருக்குங்களா?"

ஹினாகோவின் கையிலிருந்த உறை நழுவியது. கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது.

"பேரை மாத்துற வரைக்கும் போயிட்டீங்க. பிடிச்சிருக்குன்னு இன்னும் சொல்லவே இல்லையே..."

அவன் காது சிவந்தது. "அது... வந்து..."

"சரி விடுங்க. நானே முதல்ல சொல்லிடறேன்." ஏணியில் இரண்டு படி இறங்கி, அவன் கண்ணுக்கு நேராக நின்றாள். "இந்த நாப்பது நாளும் நல்லாவே தூங்கல. உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."