பன்னிரண்டாவது டிஸ்க்கின் பெயர்

கேபிளை மாட்டும் முன்பே பன்னிரண்டாவது ஹார்டு டிஸ்க் கையில் வெதுவெதுப்பாக இருந்தது.

கீர்த்தி அதை மேசையில் வைத்துவிட்டு உள்ளங்கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டாள். காரைக்குடியில் சிசிடிவி மாட்டிக்கொடுக்கும் அண்ணன் முத்தரசு, கானாடுகாத்தானில் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டிலிருந்து எடுத்துவந்த பழைய டிஸ்க்குகள் அவை. எது எந்தக் கேமராவின் பதிவு என்று பார்த்து எழுதி வைக்கச் சொல்லியிருந்தான். நாளைச் சாயங்காலம் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு விமானம். முதல் வேலை, முதல் பயணம். பெட்டி கட்டி முடித்த பிறகு சும்மா உட்கார முடியவில்லை. அதனால்தான் ஒப்புக்கொண்டாள்.

வேலை ஒன்றும் பெரிதில்லை. கறுப்புத் திரையில் மூன்று எழுத்துக் கட்டளையை அடித்து, மாட்டிய டிஸ்க்குக்குக் கணினி தரும் 'ஈ' என்ற டிரைவ் எழுத்தையும் சேர்த்தால், அந்த டிஸ்க்குக்கு வைத்திருக்கும் பெயர் ஒரே வரியில் வந்துவிடும். முன்வாசல். வளவு. இரண்டாங்கட்டு. பதினொன்றும் வீட்டில் தங்கள் இடத்தை ஒழுங்காகச் சொல்லிவிட்டன. பன்னிரண்டாவதை மாட்டியபோது வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் கம்பி வழியே புழுதி வாசனையும், அதனடியில் பல வருடம் திறக்காத அறையின் வௌவால் புழுக்கை வாசனையும் வந்தன. டிஸ்க் சுழலும் சத்தம், யாரோ வாயை மூடிக்கொண்டு மூக்கால் மட்டும் மூச்சு விடுவதுபோல், இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது.

திரையில் வந்தது: ஈ டிரைவுக்குப் பெயர் இல்லை.

அம்மா பொன்னுத்தாயி புது டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"நா. கீர்த்தின்னு கடைக்காரன் எம்புட்டு அழகா வெட்டிக் குடுத்திருக்கான் பாரு."

கேரியரின் கழுத்துப் பக்கம் புள்ளி புள்ளியாக உளி கொத்திய எழுத்துகளை கீர்த்தி விரலால் தடவினாள். "சிங்கப்பூர்ல எல்லாரும் என் டிபன் கேரியரத் திருடத்தான் வந்திருக்காகளாக்கும்."

"வாய் மட்டும் கொறையாது. அது என்னடி சத்தம்?"

"பேரில்லாத டிஸ்க்கும்மா."

அம்மாவின் சிரிப்பு நின்றது. "பேரு வெட்டாத சாமான வீட்டுல வைக்கக் கூடாது. யாருதுன்னு கேட்டு ஆள் வரும். மொதல்ல ஒரு பேரப் போடு."

அவர்கள் வீட்டில் குளியலறை வாளிக்குக்கூடப் பெயர் உண்டு. கீர்த்தியின் லேப்டாப் வாங்கி வந்த அன்றே, அதன் உள்ளிருக்கும் சி டிரைவுக்கு அண்ணன் அவள் பெயரைத்தான் வைத்திருந்தான். அம்மா சமையற்கட்டுக்குப் போனதும், வேறு பெயர் தோன்றாமல், ஈ டிரைவுக்கும் தன் பெயரையே அடித்து என்டர் தட்டினாள்.

டிஸ்க்கின் மூச்சு நின்றது.

கட்டளையைத் திரும்ப அடித்துக் கேட்டாள். கீர்த்தி, என்றது திரை. சரிதான். கேபிளைக் கழற்றி டிஸ்க்கைத் தள்ளி வைத்தாள். இப்போது அப்படியொரு டிரைவே இல்லை என்றுதான் வர வேண்டும். மறுபடி கேட்டாள்.

கீர்த்தி.

சி டிரைவைக் கேட்டாள்.

பெயர் இல்லை.

போனை எடுத்து அண்ணனை அழைத்தாள்.

"யாருங்க பேசுறீக?"

"அண்ணே, அந்த டிஸ்க்கு..."

"நம்பருக்குப் பேரு வரலயே. நீங்க யாரு?"

"வெளயாடாதண்ணே. கீர்த்தி."

"என் தங்கச்சி இப்பத்தான் பேசிட்டு வச்சுச்சு. டிஸ்க்கு வேலையெல்லாம் முடிஞ்சிருச்சுன்னு சொன்னுச்சு. நீங்க யாரும்மா?"

அழைப்பு நின்றது.

பெட்டியைத் திறந்தாள். பாஸ்போர்ட். அவளுடைய போட்டோ. அவளுடைய பிறந்த தேதி. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தாள்.

டிபன் கேரியரைத் தடவினாள். ஒரு முறை. இன்னொரு முறை. வழவழப்பு. புள்ளி ஒன்றுகூட இல்லை.

மழை விழத் தொடங்கியது.

"கீர்த்தி, காபி ஆறுது," என்று சமையற்கட்டிலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

அவள் வாய் திறந்தாள். குரல் வரும் முன்,

"இந்தா வந்துட்டேம்மா."

அவள் குரல். சமையற்கட்டுக்குள்ளிருந்து.

சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வாசற்படியில் நின்றாள். வௌவால் புழுக்கை வாசனை. அம்மா அடுப்போரம் நின்றாள். அவளுக்கு எதிரே, இவள் வழக்கமாக உட்காரும் பலகையில், இவளுடைய சுடிதாரில், முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தி.

"அம்மா."

அம்மா நிமிர்ந்தாள். முகத்தில் கோபம் இல்லை. தெரியாத ஆளைப் பார்க்கும் மரியாதைதான் இருந்தது.

"யாரும்மா நீங்க? யாரத் தேடி வந்தீக?"

பலகையில் இருந்தவள் திரும்பவில்லை. காபி டம்ளரை வாங்கிக்கொண்டு, பின்னலை ஒரு கையால் முன்பக்கம் எடுத்துப் போட்டாள்.

பிடரியில், தோலுக்குள் இறங்கி, ரத்தம் வராமல், புள்ளி புள்ளியாகக் கொத்தியிருந்தது: நா. கீர்த்தி.