பதிமூன்றாம் படி

வேன் அரங்கின் பின்வாசலில் வந்து நின்றபோது மணி ஒன்று. வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. இரும்புக் கதவைத் தள்ளியதும் உள்ளிருந்து வந்த காற்று மட்டும் சில்லென்று இருந்தது. பல வருடம் திறக்காத பெட்டியைத் திறந்தது போல ஒரு வாடை.

பெரியவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன மாமா, அழைப்பிதழ் வச்சாத்தான் உள்ள வருவீங்களா?" என்றான் மாப்பிள்ளை, டிரம் பெட்டியைத் தோளில் சுமந்தபடி.

 பெரியவருக்கு அறுபத்தாறு வயது. முதுகு இன்னும் வளையவில்லை. அவர் அதை வளைய விட்டதில்லை. பேஸ் கிடாரைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

சுவரில் ஒட்டியிருந்த சுவரொட்டியில் அவருடைய இளவயதுப் படம் இருந்தது. கீழே 'அந்த மகத்தான குழுவுக்கு ஓர் இசை அஞ்சலி' என்று கொட்டை எழுத்து. நாற்பத்தோரு வருடத்துக்கு முன் அவர் நடத்திய, நீண்ட பாட்டும் சிக்கலான தாளமுமாக வாசிக்கும் 'ப்ராக் ராக்' குழு அது. ஒரே ஒரு இசைத்தட்டு போட்டார்கள். அது விற்கவில்லை, மேடையேறும் முன்பே குழு கலைந்தது. முப்பது வருடம் கழித்து யாரோ எங்கோ அந்தத் தட்டைத் தோண்டி எடுத்துக் கொண்டாட ஆரம்பித்தார்கள். அதற்குள் பழைய பெயரின் உரிமை வேறு கைக்குப் போயிருந்தது. ஆகவே தன் பாட்டைத் தானே வாசிக்க, அஞ்சலிக் குழு என்ற பெயரில்தான் அவர் கிளம்ப வேண்டியிருந்தது.

"உயிரோட இருக்கும்போதே தனக்குத் தானே அஞ்சலி நடத்துற ஒரே ஆளு எங்க மாமாதான்" என்று மாப்பிள்ளை ஊருக்கு ஊர் சொல்லிச் சிரிப்பான். இன்று அவனும் சிரிக்கவில்லை.

இது பதிமூன்றாவது ஊர். கடைசி ஊர்.

தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. இருபத்து மூன்று நிமிடம். எங்கும் பதிமூன்று எண்ணிக்கைத் தாளம். கடைசிப் பகுதிக்குச் சற்று முன்னால் எல்லா வாத்தியமும் சட்டென்று நிற்கும். பதிமூன்று எண்ணிக்கைக்கு ஒரு சத்தமும் இராது. பிறகு எல்லாம் ஒன்றாக இடி போல இறங்கும். அந்த மௌனத்துக்காகவே ரசிகர்கள் வந்தார்கள். பாட்டு நின்றதும் நரைத்த தலைகள் எல்லாம் கையை உயர்த்தி, விரல் விட்டுப் பதிமூன்று வரை எண்ணுவார்கள். அரங்கில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது.

முதல் ஊரில் அந்த மௌனத்தின் நடுவே பெரியவரின் இயர்போனில் ஒரு பெண் குரல் கேட்டது.

"ஒண்ணு."

சவுண்டுக்காரரின் வேலை என்று நினைத்து அவரைக் கடிந்துகொண்டார். "அந்த லைன்ல ஒண்ணுமே ஓடல சார். நீங்களே பாருங்க" என்றார் அவர்.

இரண்டாவது ஊரில், "ஒண்ணு. ரெண்டு."

மூன்றாவது ஊரில் மூன்று. ஊருக்கு ஓர் எண் கூடியது. ஏழாவது ஊரில் பெரியவர் இயர்போனைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு மேடையேறினார். குரல் நிற்கவில்லை. இன்னும் பக்கத்தில் கேட்டது. "ஏழு" என்றபோது கூடவே ஒரு மரப்படி முனகியது.

அந்த முனகலை அவருக்குத் தெரியும். அவர் வீட்டு மாடிப்படியில் ஏழாவது படி அப்படித்தான் முனகும்.

மொத்தம் பதிமூன்று படிகள்.

நேற்று, பன்னிரண்டாவது ஊரில், குரல் பன்னிரண்டு வரை வந்துவிட்டது.

*

ஆட்டம் நான்கு மணிக்கு. ரசிகர்களுக்கு வயதாகிவிட்டது, இருட்டில் வண்டி ஓட்டப் பயப்படுகிறார்கள் என்று எல்லா ஊரிலும் மாலைக் காட்சிதான். இரண்டரை மணிக்கு ஒப்பனை அறையில் பெரியவர் மாப்பிள்ளையை மட்டும் நிறுத்திக்கொண்டு கதவைச் சாத்தினார். கண்ணாடியைச் சுற்றியிருந்த பல்புகளில் இரண்டுதான் எரிந்தன.

"இன்னைக்கு அந்த இடத்துல நிறுத்த வேண்டாம்" என்றார். "எண்ணாம, நேரா கடைசிப் பகுதிக்குப் போயிடு."

மாப்பிள்ளை அவரையே பார்த்தான். "மாமா, ஜனங்க அதுக்குத்தான் வர்றாங்க."

"சொன்னதைச் செய்."

"ஏற்பாட்டாளர் முன்வரிசைல உக்காரப் போறாரு. இன்னைக்கு நல்லா போனாத்தான் அடுத்த வருஷச் சுற்று. நான் வேலையை விட்டுட்டு உங்க பின்னாடி வந்திருக்கேன். ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு உங்க பொண்ணு அங்க என் போனுக்குக் காத்துட்டு இருக்கா. கிடார்காரன் வீட்டை காலி பண்ணிட்டு வந்திருக்கான். இந்த நேரத்துல பாட்டோட உயிரையே வெட்டச் சொல்றீங்களே!"

பெரியவர் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினான்.

"யாரு மாமா அந்தப் பொம்பளை?"

பெரியவரின் கை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டது.

"பத்தாவது ஊர்லேர்ந்து எனக்கும் கேக்குது. பயமுறுத்துறியான்னு நீங்க திட்டுவீங்கன்னு சொல்லல. யாரு?"

"உனக்கு எதுக்கு அது?"

"உங்க வீட்ல பொண்ணு கட்டியிருக்கேன். எனக்கு இல்லாம வேற யாருக்கு?"

 பெரியவர் கண்ணாடியைப் பார்த்தபடியே, நாற்பத்தோரு வருடமாக நான்கு சுவருக்குள் இருந்ததைச் சொன்னார்.

அந்தப் பாட்டை அவர் இயற்றவில்லை. அவருடைய தங்கை இயற்றினாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. மாடிப்படியில் இறங்கி இறங்கி ஏறித்தான் அந்தத் தாளத்தைக் கண்டுபிடித்தாள். வீட்டுக் கூடத்தில் டேப் மெஷினை வாடகைக்கு எடுத்துப் பதிவு செய்தபோது, அந்த ஓர் இடத்தில் மட்டும் அவள் குரல் வந்தது. ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டே இறங்குவாள். பதிமூன்றாம் படியில் ஒரே ஒரு வரி பாடுவாள். அதன் பிறகு வாத்தியங்கள் சேரும்.

அப்பா காலமாகி அப்போது ஆறு மாதம். குடும்பத்துக்கு இனி மகனான அவர்தான் தலை. நம் வீட்டுப் பெண்ணின் குரலை முகம் தெரியாதவனெல்லாம் காசு கொடுத்து வாங்கிக் கேட்பதா? நாளை அவளைப் பெண் கேட்டு யார் வருவார்கள்? அவர் தனியாக உட்கார்ந்து, டேப்பை அந்த இடத்துக்குச் சுற்றி, பதிவுப் பொத்தானை அழுத்திப் பிடித்தார். அவள் குரலின் மேல் வெறும் காற்று பதிவானது. இசைத்தட்டின் உறையில் தன் பெயரைப் போட்டுக்கொண்டார்.

"அந்த மௌனம்..." என்றான் மாப்பிள்ளை.

"நான் அழிச்ச இடம்."

தட்டு வந்த அன்று தங்கை அதை மாடி அறையில் போட்டுக் கேட்டாள். அதன் பிறகு பேச்சே நின்றுவிட்டது. சாப்பிட்டாயா என்றால் "ம்". காய்ச்சலா என்றால் "ம்". ஒன்பது வருடம் "ம்" தவிர வேறு சொல் இல்லை. அந்த ஒன்பது வருடமும் அவள் மாடியை விட்டு இறங்கவில்லை. கடைசியில் நான்கு பேர் தூக்கித்தான் இறக்கினார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் தொண்டையில் நோய் என்று அவர் சொன்னார். ஊரும் நம்பியது.

மாப்பிள்ளை டிரம் குச்சிகளை மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான்.

"மாமா, இன்னைக்கு மேடையில சொல்லிடுங்க. இது என் தங்கச்சி பாட்டுன்னு ஒரு வார்த்தை. அவங்க கேக்குறது அவ்வளவுதானோ என்னமோ."

"நம்ம வீட்டு விஷயம் மேடையேறாது."

"அப்ப அவங்க இறங்கி வருவாங்க, மாமா."

"அதுக்குத்தான் அந்த இடத்தையே எடுத்துடுன்னு சொல்றேன். இடமே இல்லைன்னா எங்க வந்து நிப்பா?"

மாப்பிள்ளை குச்சிகளை எடுத்துக்கொண்டு எழுந்தான். கதவருகே நின்று, "உங்க தங்கச்சியைத் திரும்பவும் அழிக்கச் சொல்றீங்க. அதுவும் என் கையால" என்றான்.

*

நான்கு மணிக்கு அரங்கு நிரம்பியிருந்தது. பெரியவர் நிமிர்ந்து நின்று வாசித்தபடியே பாடினார்.  பத்தொன்பது நிமிடம் பாட்டு ஆறு போல ஓடியது. முன்வரிசையில் ஏற்பாட்டாளர் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அந்த இடம் வந்தது.

பெரியவர் மாப்பிள்ளையைப் பார்த்துத் தலையசைத்தார். மாப்பிள்ளை நிறுத்தவில்லை. சொன்னபடியே கடைசிப் பகுதிக்குத் தாவி, இரண்டு குச்சிகளையும் ஓங்கி இறக்கினான்.

சத்தம் வரவில்லை.

பெரியவர் தந்தியைச் சுண்டினார். தந்தி விரலுக்கடியில் அதிர்ந்தது. அவருக்கு அது உடம்பில் தெரிந்தது. காதில் ஒன்றும் இல்லை. கிடார்காரன் வாசித்துக்கொண்டிருந்தான். குச்சிகள் ஏறி இறங்கின. எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போல இருந்தது.

அரங்கில் எழுநூறு கைகள் உயர்ந்தன.

சூடேறிய டேப் மெஷினின் வாடை வந்தது. தூசியும் ரப்பரும் கருகும் அந்த வாடையை அவர் நாற்பத்தோரு வருடமாக முகர்ந்ததில்லை.

"ஒண்ணு."

இம்முறை காதுக்குள் கேட்கவில்லை. பின்னால், பால்கனியின் உச்சியிலிருந்து கேட்டது.

எழுநூறு விரல்கள் மடங்கின.

"ரெண்டு."

பால்கனிப் படிகளில் ஒருவரும் இல்லை. ஆனால் ஒவ்வோர் எண்ணுக்கும் அந்தந்தப் படியோரம் உட்கார்ந்திருந்தவர்கள் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டார்கள். யாரோ கடந்து போவது போல. அவர்கள் கண்கள் மேடையை விட்டு விலகவில்லை.

"ஆறு."

"ஏழு."

சிமெண்டுப் படி. அது மரம் போல முனகியது.

பெரியவருக்கு அப்போதுதான் புரிந்தது. இடத்தை வெட்டினால் அவள் போய்விடுவாள் என்று நினைத்ததற்கு மாறாக, அரங்கு முழுவதும் அவள் இடமாகிவிட்டது. அவர் மைக்கை நோக்கிக் குனிந்தார். வாழ்நாளில் முதல் முறையாக முதுகு வளைந்தது.

சொல்லிவிட வேண்டும். குடும்ப மானம் போனால் போகட்டும். இது என் தங்கச்சியின் பாட்டு. நான்தான் அழித்தேன். அவ்வளவுதானே, இரண்டு வரி.

"பத்து."

அவர் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. மூச்சு வந்தது.

குரல் வரவில்லை.

"பதினொண்ணு."

தொண்டை கிழியக் கத்தினார். அரங்கில் ஓர் ஊசி விழுந்த அளவுக்குக்கூடச் சத்தம் இல்லை.

"பன்னெண்டு."

மேடையின் கடைசிப் பலகை லேசாக அமுங்கியது. அவர் கன்னத்தில் ஒரு மூச்சு பட்டது. எண்ணுவதற்கு முன் இழுத்துக்கொள்ளும் மூச்சு.

"பதிமூணு."

சத்தம் எல்லாம் ஒரே அடியாகத் திரும்பி வந்தது. டிரம், கிடார், கீபோர்டு எல்லாம் சேர்ந்து இடியாக இறங்க, அரங்கு எழுந்து நின்று கூத்தாடியது. ஏற்பாட்டாளர் மேடைக்கு ஓடிவந்து பெரியவரைக் கட்டிக்கொண்டார்.

"இப்படி ஒரு மௌனத்தை நான் கேட்டதே இல்ல சார்! அடுத்த வருஷமும் பதிமூணு ஊர். உறுதி!"

பெரியவர் ஏதோ சொன்னார். அவர் காதுக்கே அது கேட்கவில்லை.

வேனில் ஏறும் முன் சவுண்டுக்காரர் மாப்பிள்ளையைத் தனியே அழைத்து அன்றைய பதிவைப் போட்டுக் காட்டினார். பெரியவர் பாடிய வரிகள் ஒன்றுகூட அதில் இல்லை.

"மைக் நல்லாத்தான் இருந்துச்சு. யாரோ உக்காந்து மேல அழிச்ச மாதிரி இருக்கு" என்றார்.

*

வைத்தியர்கள் டார்ச் அடித்துப் பார்த்துத் தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். விசாரிக்க வந்தவர்களுக்கு, "தொண்டையில நோய்" என்று மகள் சொன்னாள். ஊரும் நம்பியது.

பெரியவர் மாடி அறைக்குப் போனவர் இறங்கவில்லை. சாப்பாடு மேலே போனது. ஒரு தாளில் உண்மையை எழுதிக் கொடுக்கப் பலமுறை பேனாவை எடுத்தார். எழுதிய எழுத்து காய்வதற்குள் மங்கி, தாள் வெறுமையானது.

ஒரு வருடம் கழித்து மாப்பிள்ளை புதிய பாடகனோடு அடுத்த சுற்றுக்குக் கிளம்பினான். போகும்போது மாடியேறி வந்து பெரியவரின் காலடியில் சற்று உட்கார்ந்திருந்தான். "வேற வழி தெரியல மாமா. பிள்ளைங்க இருக்கு" என்றான். பாட்டை இயற்றியவர் என்று சுவரொட்டியில் யார் பெயரைப் போடுவது என்று கேட்கவில்லை. பழைய பெயரே இருந்துவிட்டது.

முதல் ஊர் ஆட்டத்தன்று மாலை, நான்கு இருபது இருக்கும். அறையில் உட்கார்ந்திருந்த பெரியவரின் கால்கள் தாமாக எழுந்தன. மாடிப்படியின் உச்சிக்கு வந்து, ஒரு படி இறங்கி, நின்றன. உதடுகள் எதையோ சொல்லி மூடிக்கொண்டன.

சிறிது நேரத்தில் கீழே போன் அடித்தது. மகள் எடுத்தாள்.

"என்னங்க, இந்நேரத்துல? ஆட்டம் முடிஞ்சிடுச்சா? ஏன் இப்படி மூச்சு வாங்குது?... அப்பாவா? மேலதான் இருக்காரு. அவரு எங்க பேசுறாரு?... எந்தக் குரலு 'ஒண்ணு'ன்னு சொல்லுச்சு?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"அட, ஒரு வருஷமா அசையாதவரு இன்னைக்கு ஒரு படி இறங்கி நிக்கிறாருங்க! நீங்களே கேளுங்க." போனை உயர்த்திப் பிடித்தாள். "அப்பா, தனியாவா இறங்குனீங்க?"

பெரியவர் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார். இல்லை என்று தலையசைக்க முயன்றார். கழுத்து திரும்பவில்லை.

அவர் காதோரம், வெகு அருகில், ஒரு பெண் அவருக்காகப் பதில் சொன்னாள்.

"ம்."