புதர் நின்ற உயரம்

அந்தியில் திரும்பிய கொக்குகள் மணலில் இறங்கவில்லை. மணலுக்கு மேலே, ஓர் ஆள் உயரத்தில், வெறுங்காற்றில் கால் பதித்து உட்கார்ந்தன.

ராதா கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். தாகேதா நகர்ப்பகுதியின் ஓரத்தில், ஓடையை ஒட்டி, முந்தாநாள்வரை கண்டல் புதர்கள் அடர்ந்து நின்ற இடம் அது. இப்போது ஈரம் காயாத மணல் மட்டும் தட்டையாகப் பரந்து கிடந்தது. புதர்களின் உச்சி எங்கே இருந்ததோ அதே உயரத்தில், அதே நெருக்கத்தில், நூற்றுக்கணக்கான வெள்ளைக் கொக்குகள் சிறகை மடக்கி அமர்ந்திருக்க, ஓடையின் சேற்று வாடையும் மணல் இறைத்த இயந்திரத்தின் டீசல் நெடியும் கலந்து அவள் தொண்டைக்குள் இறங்கின. அடையும் நேரத்துக் கூச்சல் இல்லை. ஒரு சிறகுகூடப் படபடக்கவில்லை.

"செல்லையாண்ணே, அங்க பாருங்களேன்," என்றாள், கரையில் சம்பானைப் பிடித்துக்கொண்டு நின்ற படகோட்டியிடம்.

"என்னத்தப் பாக்க? மணல்தான் கெடக்கு. தண்ணி வத்துது தங்கச்சி, வெரசா வா."

வீடு கட்டும் கம்பெனிக்காகப் பறவைகளைக் கணக்கெடுப்பது அவள் வேலை. போன வாரம் இந்தப் புதர்களில் இருநூற்றுப் பதினான்கு குஞ்சுகளை எண்ணியிருந்தாள். பறக்க இன்னும் மூன்று வாரமாவது ஆகும்.

"மூணு வாரம் வேலைய நிறுத்த முடியாதும்மா. கூடெல்லாம் காலின்னு எழுதிடு," என்றிருந்தார் கம்பெனி எஞ்சினியர் மோகன், வெற்றிலையை மென்றுகொண்டே.

எழுதினாள். கையெழுத்தும் போட்டாள். நேற்று புதர்களைக் கூடுகளோடு மணல் இறைத்து மூடிவிட்டார்கள். இன்று வெற்று மணலைப் படம் எடுத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது.

போனைத் தூக்கிப் பிடித்தாள். திரையில் மணல் மட்டுமே இருந்தது. போனைத் தாழ்த்தினாள். கொக்குகள் இருந்தன.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. இரை கேட்கும் குஞ்சுகளின் கரகரப்பு, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் அமுங்கி, அவள் காலடியிலிருந்து. ஒன்றாவது உயிரோடு இருக்குமோ? கால்கள் தாமாக முன்னே நடந்தன. அந்த வெள்ளை வயிறுகளுக்குக் கீழே குனிந்து போய், மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் மணலைத் தோண்டினாள்.

மணல் சூடாக இருந்தது. உடம்புச் சூடு.

உள்ளங்கைக்குக் கீழே ஏதோ துடித்தது. கையை இழுத்துக்கொண்டாள்.

"தங்கச்சி!" செல்லையாவின் குரல் எங்கோ தொலைவில் கேட்டது.

தலைக்கு மேலே கொக்குகள் கழுத்தை நீட்டின. எல்லாம் ஒன்றாக. ஒவ்வொரு அலகிலும் ஒரு மீன்.

மணல் பிளந்தது. இங்கே ஒன்று. அங்கே ஒன்று. பிறகு எங்கும்.

வாய்கள். சின்னச் சின்ன வாய்கள். மணலிலிருந்து மேலே பார்த்துத் திறந்தபடி.

எண்ணக் கூடாது என்று நினைத்தாள். ஆனால் எண்ணினாள். இருநூற்றுப் பன்னிரண்டு. பதின்மூன்று. பதினான்கு.

பதினைந்து.

அது அவள் முழங்காலை ஒட்டி இருந்தது. மற்றவற்றைவிடப் பெரியது. அலகு இல்லை. வெற்றிலைச் சிவப்பேறிய உதடுகள். பற்கள்.

ஒரு கொக்கு குனிந்து, அதற்குள் மீனைப் போட்டது. வாய் மூடியது. மென்றது. விழுங்கியது.

மறுபடி திறந்தது.