மூன்றாவது முடிச்சு

அந்தப் பெண்ணுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆனால் எல்லாரும் அவளை ரேடியோ என்றுதான் கூப்பிட்டார்கள். காலையில் கண் விழித்ததும் பேச ஆரம்பிப்பாள். இரவு தூங்கும்வரை ஓயமாட்டாள். சாப்பிடும்போது மட்டும் கொஞ்சம் இடைவேளை விடுவாள். அதுவும் வாய் நிறைய இருந்தால்தான்.

அவளுடைய அம்மா ஏரியில் மீன் வளர்த்தார். ஏரியின் நடுப்பக்கமாக நான்கு கூண்டுகள் மிதந்தன. கூண்டு என்றால் கம்பிக் கூண்டு இல்லை. சதுரமான மிதவை, அதிலிருந்து தண்ணீருக்குள் தொங்கும் பெரிய வலைப்பை, அந்தப் பைக்கு வலையாலேயே ஒரு மூடி. உள்ளே கெண்டை மீன்கள். இதே ஏரியில் பிடித்த குஞ்சுகளை அதில் விட்டு, வேளாவேளைக்குத் தீனி போட்டு ஒரு வருடம் வளர்ப்பார்கள்.

அப்பா எங்கோ தூரத்தில் லாரி ஓட்டினார். அதனால் கூண்டு, வலை, ரேடியோ எல்லாமே அம்மாவின் பொறுப்பு. படகு ஓட்ட அம்மாவின் தம்பி வருவார். அவர்தான் ரேடியோவின் மாமா. ரேடியோ பேசுவதைப் பொறுமையாகக் கேட்கும் ஒரே ஆள் அவர். உண்மையில் படகு எஞ்சின் சத்தத்தில் அவருக்குப் பாதிதான் காதில் விழும்.

அந்த வருடம் வெயில் சீக்கிரமே வந்துவிட்டது. பள்ளிக்கூடம் மூடுவதற்கு முன்பே ஏரித் தண்ணீர் சூடாகிவிட்டது. கையை விட்டால் குளிக்க வைத்த வெந்நீரைத் தொட்டது போல இருந்தது. கூண்டுகளில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. போட்ட தீனி அப்படியே மிதந்தது.

இதற்கு ஏரிக்காரர்களிடம் ஒரு வழி உண்டு. வெயில் ஏறினால் வலைப்பையின் மூடியைக் கட்டி, நான்கு மூலையிலும் கல்லைக் கட்டி, கயிற்றைத் தளர்த்தி ஏரியின் அடிவரை இறக்கிவிடுவார்கள். அடித்தண்ணீர் குளுகுளுவென்று இருக்கும். மீன்கள் சுகமாக அங்கே கிடக்கும். வெயில் தணிந்ததும் மேலே தூக்குவார்கள். அம்மாவும் வருடாவருடம் அப்படித்தான் செய்தார். இந்த முறையும் முதல் கூண்டை இறக்கியாகிவிட்டது. மறுநாள் காலை இரண்டாவதை இறக்கப் படகில் கிளம்பினார்கள். ரேடியோவும் ஏறிக்கொண்டாள்.

ஏரியின் அடி குளிர்ச்சி என்பதை ரேடியோ தனக்கும் பயன்படுத்திக்கொண்டாள். ஒரு நீளக் கயிற்றில் ஒவ்வொரு கைவிரிப்புக்கும் ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். அதன் நுனியில் தன் தண்ணீர் பாட்டிலையும் ஒரு கல்லையும் கட்டி அடிவரை விடுவாள். கொஞ்ச நேரத்தில் குடிக்கக் குளிர்ந்த தண்ணீர் கிடைத்துவிடும்.

அன்று பாட்டிலை இழுத்தபோது கயிற்றின் கீழ்ப்பகுதி கறுப்பாக, வழவழவென்று வந்தது. அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று அடித்தது.

"அம்மா, அடியில ஏதோ அழுகிப்போயிருக்கு."

அம்மா கல்லைக் கட்டிக்கொண்டே "ம்" என்றார்.

"நீ போன வாரம் எனக்குத் தெரியாம தண்ணியில போட்ட முட்டையா இருக்கும்," என்றார் மாமா.

அம்மாவையும் குறை சொல்ல முடியாது. அன்று காலையிலிருந்து ரேடியோ பள்ளிக்கூட பெஞ்சு ஆடுவதைப் பற்றிச் சொல்லியிருந்தாள். ஒற்றைக்கால் காக்கையைப் பற்றியும், மீன் தூங்கும்போது கனவு காணுமா என்பதைப் பற்றியும் பேசியிருந்தாள். அதோடு இதுவும் ஒன்றாகப் போய்விட்டது.

ரேடியோ பாட்டிலைத் திறக்கவே இல்லை. அதைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த முதல் கூண்டின் கயிற்றைப் பிடித்துப் பார்த்தாள். உள்ளே மீன்கள் அலைந்தால் கயிறு லேசாக நடுங்கும். அதைத் தொட்டுப் பார்ப்பது அவளுக்குப் பிடிக்கும். இப்போது கயிறு சும்மா இருந்தது. இன்னொரு மூலைக் கயிற்றைப் பிடித்தாள். அதுவும் சும்மாதான் இருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் மாமா எஞ்சினை நிறுத்தினார். ரேடியோ தண்ணீரில் விழுந்துவிட்டாளோ என்று திரும்பிப் பார்த்தார். அம்மாவும் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தார்.

"என்னடி ஆச்சு? ஏன் பேசாம இருக்கே?"

"கயிறு அசையல அம்மா. நேத்து அசைஞ்சுது."

அம்மா வந்து கயிற்றைத் தொட்டார். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பிடித்திருந்தார். பிறகு இழுக்க ஆரம்பித்தார். மாமாவும் ஓடிவந்து கை கொடுத்தார்.

வலை மேலே வந்தது. முதலில் நாற்றம் வந்தது. அப்புறம் மீன்கள் தெரிந்தன. எல்லாம் மல்லாந்து கிடந்தன. செவுள்கள் விரிந்தபடி இருந்தன. வாய்கள் திறந்தபடி இருந்தன. வாலில் வெட்டு விழுந்த ஒரு மீன் எப்போதும் ரேடியோவின் கையில் இருந்து தீனி தின்னும். அதுவும் அந்தக் குவியலில் இருந்தது. அவள் அதை இரண்டு கையாலும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு ரொம்பத் துக்கமாக இருந்தது. கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

அம்மா அழவில்லை. படகின் பலகையில் உட்கார்ந்தார்.

"நானே கொன்னுட்டேன்," என்றார். "மேல கஷ்டப்பட்டுதுங்க. நான்தான் கட்டி உள்ள தள்ளுனேன்."

மாமா அன்று வேடிக்கை எதுவும் பேசவில்லை. இந்த வருடம் ஏரி புரளவே இல்லை என்பதை மட்டும் மெதுவாகச் சொன்னார். குளிர்காலத்தில் மேல்தண்ணீர் குளிர்ந்து கனமாகிக் கீழே இறங்கும். அடித்தண்ணீர் மேலே வந்து காற்று வாங்கிக்கொண்டு போகும். அதைத்தான் அங்கே புரளுவது என்பார்கள். அந்த ஒரு வாரம் ஊர்க் குழாய்களில் எல்லாம் கலங்கல் தண்ணீர் வரும், ஆளாளுக்குத் திட்டுவார்கள். இந்த வருடம் யாரும் திட்டவில்லை. குளிரே வராததால் அடித்தண்ணீர் அடியிலேயே கிடந்து கெட்டுப்போய்விட்டது. வெந்நீரில் காற்றும் அதிகம் தங்காது. அதனால்தான் மேலே இருந்த மீன்களுக்கும் மூச்சு முட்டியது.

மற்ற மூன்று கூண்டுகளிலும் மீன்கள் மேலே வந்து திணறிக்கொண்டிருந்தன. அம்மா அவற்றையே பார்த்தார்.

"மேல விட்டா சூட்டுல சாகும். கீழ விட்டா மூச்சு முட்டிச் சாகும். நான் எங்கடா கொண்டுபோய் வைப்பேன்?"



ரேடியோ முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தன் கயிற்றை எடுத்து மறுபடி மோந்து பார்த்தாள். நுனியிலிருந்து மேலே ஒவ்வொரு முடிச்சாக மோந்துகொண்டு போனாள்.

"கயிறு முழுக்க நாறல அம்மா. இங்க வரைக்கும்தான் நாறுது. அதுக்கு மேல சும்மா தண்ணி வாசனைதான்."

அம்மா நிமிர்ந்தார். இந்த முறை "ம்" என்று சொல்லவில்லை. கயிற்றை வாங்கி அவரும் மோந்து பார்த்தார்.

அடிக்கும் மேலுக்கும் நடுவில் ஏதாவது நல்ல இடம் இருந்தால் அது எந்த முடிச்சு என்று தெரிய வேண்டும். மூக்கை மட்டும் நம்பி மூன்று கூண்டுகளை இறக்க முடியாது. மீனைத்தான் கேட்க வேண்டும் என்றாள் ரேடியோ. மாமா ஒரு தகர டப்பாவில் ஆணியால் சுற்றிலும் ஓட்டை போட்டுக் கொடுத்தார். அதில் இரண்டு சின்ன மீன்களை விட்டு, கயிற்றில் கட்டி, மேலிருந்து ஐந்தாவது முடிச்சுவரை இறக்கினார்கள்.

தூக்கிப் பார்த்தபோது இரண்டும் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. ரேடியோ அவற்றை வாளியில் விட்டுக் கையால் தண்ணீரை அலசிக்கொண்டே இருந்தாள். ஒன்று மெல்ல நிமிர்ந்து நீந்தியது. மற்றது எழவே இல்லை. அவள் அதைப் பார்த்து, "மன்னிச்சுக்கோ," என்றாள். அதற்கப்புறம் டப்பாவை அதிக நேரம் கீழே விடக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

நான்காவது முடிச்சில் மீன்கள் திணறின. இரண்டாவதில் தண்ணீரே சூடாக இருந்தது. மூன்றாவது முடிச்சிலிருந்து தூக்கியபோது டப்பாவுக்குள் டபடபவென்று துள்ளும் சத்தம் கேட்டது.

"இங்கதான் அம்மா," என்றாள் ரேடியோ.

அன்று பொழுது சாய்வதற்குள் மூன்று கூண்டுகளையும் மூன்றாவது முடிச்சு ஆழத்தில் நிறுத்தினார்கள். மறுநாள் போய்ப் பார்த்தபோது மூன்றிலும் மீன்கள் உயிரோடு இருந்தன. இனிமேல் காலையில் ரேடியோவில் செய்தி கேட்டுவிட்டுத்தான் வலையைத் தொட வேண்டும் என்று மாமா சொன்னார். அம்மா அக்கம்பக்கத்துக் கூண்டுக்காரர்களிடமும் போய்ச் சொன்னார். சிலர் கேட்டுக்கொண்டார்கள். சிலருக்குக் கேட்டும் பயனில்லை. முன்பே அடிவரை இறக்கிவிட்டிருந்தார்கள்.

வெயில் குறையவில்லை. ஏரிக்கரை முழுக்கச் செத்த மீன்கள் ஒதுங்கின. வளர்த்த மீன்கள் மட்டும் இல்லை, ஏரியில் தானாக வாழ்ந்த மீன்களும்தான். அடியில் குளிர்ச்சியிலேயே வாழும் ஒரு வெள்ளை மீன் உண்டு. மாமா தூண்டில் போட்டு அதைத்தான் பிடிப்பார். அது ஒன்றுகூட அந்த வருடம் உயிரோடு கண்ணில் படவில்லை. பறவைகள்கூடத் தின்று அலுத்துப்போய் உட்கார்ந்திருந்தன. தெருவில் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தார்கள்.

அந்த நல்ல இடமும் நாளுக்கு நாள் ஒடுங்கியது. மேலிருந்து சூடு இறங்கியது. கீழிருந்து நாற்றம் ஏறியது. ஒரு காலையில் மூன்று கூண்டுகளிலும் சில மீன்கள் செத்துக் கிடந்தன. அடுத்த நாள் இன்னும் அதிகமாகச் செத்தன. ரேடியோ டப்பாவை மூன்றாவது முடிச்சில் இறக்கினாள். மீன்கள் திணறின. அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் விடவில்லை. படகைக் கொஞ்சம் தள்ளி ஓட்டச் சொன்னாள். அங்கே அதே மூன்றாவது முடிச்சில் மீன்கள் நன்றாகத் துள்ளின.

அவள் டப்பாவையும் கூண்டுகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தண்ணி கெடல அம்மா. கூண்டுகிட்ட மட்டும்தான் இப்படி. கொஞ்சமா இருக்கிற காத்தை இத்தனை மீனும் பங்கு போட்டுக்குது. பத்தல."

கூண்டுகளைத் தள்ளி இழுத்துப் போகலாமா என்று மாமா கேட்டார். இறக்கிய வலையை இழுத்தால் கிழிந்துவிடும் என்றார் அம்மா. மேலே தூக்கி வைத்துக்கொண்டு இழுத்தால் போய்ச் சேருவதற்குள் மீன்கள் சூட்டில் செத்துவிடும். எல்லாருக்கும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. யாருக்கும் அதைச் சொல்ல மனம் வரவில்லை.

ரேடியோதான் சொன்னாள். "நடுக்கூண்டைத் தொறந்து விட்டுரலாமா அம்மா?"

"ஒரு வருஷம்டி. குஞ்சா இருந்ததுலேருந்து பாத்துப் பாத்து வளத்தது."

"அதனாலதான் சொல்றேன். இதுங்க தள்ளிப் போயிட்டா அந்த ரெண்டு கூண்டும் பொழைக்கும். இதுங்களும் எங்கயாவது நல்ல தண்ணியா பாத்துக்கும். இங்கேயே இருந்தா எல்லாம் சேந்து சாகும்."

 அம்மா நடுக்கூண்டின் கயிற்றை இழுத்தார். வலை மேலே வந்ததும் மூடியின் கட்டை அவரே அவிழ்த்தார். வேறு யாரையும் தொட விடவில்லை. ஒரு பக்க ஓரத்தைத் தண்ணீருக்குள் அழுத்தி வழி விட்டார்.

மீன்கள் உடனே போகவில்லை. மூலையில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன. வெளியே போய்ப் பழக்கம் இல்லையே. பிறகு ஒன்று ஓரத்தைத் தாண்டியது. அதன் பின்னால் இன்னும் இரண்டு. அப்புறம் மொத்தக் கூட்டமும் விளிம்பைத் தாண்டிச் சரசரவென்று இறங்கி மறைந்தது.

மாமா காலி வலையைப் பார்த்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

"இத்தனை நாள் தீனி போட்டோம். ஒண்ணாவது திரும்பிப் பாத்து ஒரு நன்றி சொல்லிச்சா?"

"பாவம் மாமா," என்றாள் ரேடியோ. "மூச்சு விடவே நேரம் இல்ல. நன்றிக்கு எங்க போறது?"

அம்மா சிரித்துவிட்டார். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளவும் இல்லை. மீன்கள் போன பக்கமாகக் குனிந்து, "போய்ப் பொழைச்சுக்கோங்க," என்றார்.