ஆமாம் என்றால் ஒரு தட்டு

தரைக்கடியில் தோண்டிய மழைநீர்த் தொட்டியின் மூடி விளிம்பில் ஒரு பச்சை அந்துப்பூச்சி உட்கார்ந்திருந்தது. விரல்நகம் அளவுதான். மழை பெய்து செடிகொடி துளிர்த்தால்தான் இந்தத் தார்ப் பாலையில் அது தலைகாட்டும். மழையோ பெய்து மூன்று வருஷமாகிறது. ஹஞ்சா அதை உற்றுப் பார்த்தாள்.

பூச்சியைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமேது? மடியில் நைனு அனலாய்க் கொதித்தாள். நாலு மாதக் குழந்தை, இன்னும் குப்புறக்கூட விழவில்லை. வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கணவன் பிழைப்புக்காகக் குஜராத்தில் கிடந்தான். தொட்டியடியில் மிஞ்சிய சேற்றுத் தண்ணீரை வழித்தெடுக்க மாமனார் கேத்தாராம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கயிற்றைப் பிடித்தார்.

"முடிச்சு கெட்டியா இருக்கா தாயி?"

ஹஞ்சா முகம் மறைத்த முக்காட்டுக்குள் இருந்தபடியே வளையலால் குடத்தில் தட்டினாள். மாமனாரிடம் மருமகள் பேசக்கூடாது, முகம் பார்க்கக்கூடாது. ஆமாம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு.

"உன்னைவிட உன் வளையல்தான் வாயாடி!" சிரித்து, இருமி, இருட்டுக்குள் இறங்கினார்.

மணற்காற்று எழும்பி மத்தியான வெயிலை மங்கவைக்க, தொட்டி வாயிலிருந்து ஈரத் தழை வாசனை குப்பென்று வந்தது. கூடவே ஒன்று, பத்து, நூறு என்று பச்சை இறகுகள் படபடத்து மேலேறி அவள் முக்காட்டில் அப்பின. மாமனாரின் இருமல் நின்றுபோயிருந்தது. கூப்பிட வாயில்லையே, பாவி! குடத்தைத் தட்டினாள். மறுபடி தட்டினாள்.

பக்கத்தில் நிழல் விழுந்தது. முக்காட்டுக்கடியில் அவருடைய செருப்பு. அதற்குள் கால்கள்.

"புள்ளையக் குடு. குளுமையா வச்சுக்கறேன்."

நாலு வருஷமாக அவள் அறிந்ததெல்லாம் அந்தக் காலும் குரலும்தான். கொடுத்துவிட்டாள்.

அப்புறம்தான் பார்த்தாள். காலில் சேறில்லை. ஈரமில்லை. கயிறு அசையவே இல்லை.

தொட்டிக்குள் இருமல் கேட்டது. "தாயி, கயித்த இழு!"

முக்காட்டைப் பிய்த்தெறிந்தாள். முகம் இருக்கவேண்டிய இடத்தில் இறகுகள். பச்சை. மூடின. திறந்தன. அப்படியே உதிர்ந்து, மொத்தமாய்த் தொட்டிக்குள் பாய்ந்தன. மணலில் செருப்பு கிடந்தது. குழந்தையைச் சுற்றிய துணி கிடந்தது. வெறும் துணி.

"அட, புள்ளைய ஏன் எறக்கிவிட்டே?" கீழிருந்து குரல். "எங்கிட்ட நடந்து வருதே... தாயி, இது நம்ம நைனுதானே?"

ஹஞ்சாவுக்கு வாய்க்கு முன்னே கைதான் எழுந்தது. குடத்தில் அடித்தாள். இரண்டு. மறுபடி இரண்டு. வளையல் நொறுங்கியது. மணிக்கட்டால் அடித்தாள். இரண்டு. இரண்டு.

இருமல் நின்றது.

கீழே யாரோ, மெதுவாக, ஒரு தட்டுத் தட்டினார்கள்.