கயிறு பிடித்தவனின் தூக்கம்

விழித்ததும் பெவினுக்கு முதலில் தெரிந்தது, தன் வலது கையிலிருந்து வந்த மீன் குழம்பு வாசனைதான். மணி மூன்று. துறைமுகத்துக் கண்டெய்னர் யார்டில் இரவு வேலை முடித்து வந்து, இரண்டு இட்லியை விழுங்கிவிட்டுக் காலையில் படுத்தவன். மச்சான் இறந்த இந்த எட்டு மாதத்தில் அவன் மீனைத் தொட்டதே இல்லை. விரல்களை மூக்கருகே கொண்டுபோனான். புளி, தேங்காய், விளமீன். நகக்கண்ணில் மஞ்சள் ஏறியிருந்தது.

உப்பளத்துப் பக்கமிருந்து வந்த வெக்கைக் காற்று ஜன்னல் துணியைத் தூக்கித் தூக்கிப் போட்டது. மின்விசிறி கறகறத்தது. அடுக்களையில் அக்கா அமலி தட்டு கழுவிக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. ஒன்று. பிறகு இன்னொன்று.

"யாரும் வந்தாவளாக்கா?"

"இந்த வெயில்ல யாருல வாரா? நீ தூங்கு."

திரும்பாமலே சொன்னாள். ஆனால் குரலில் பாரம் இல்லை. புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தவள், இத்தனை நாளில் இன்றைக்குத்தான் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தாள். அது அவனுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். முதுகுதான் சில்லிட்டது.

மறுநாள் மனநல ஆலோசகர் ரேச்சலிடம் இதைச் சொன்னான். வேலையில் அவன் அடிக்கடி கண்சொருகுவதைப் பார்த்து யார்டு சூப்பர்வைசர் அனுப்பிவைத்த இடம் அது. நாசரேத்துக்காரி, நிதானமாகப் பேசுகிறவள்.

"மனசுல மூடி வச்சது செத்துப்போறதில்ல பெவின். நாம முழிச்சிருக்கிற வரைக்கும் அடியில அமுங்கிக் கிடக்கும். தூங்கினதும் அதுக்கு நம்ம வாயும் கையும் கிடைச்சிரும். எந்திரிச்சுப் போய்ச் சாப்பிட்டிருப்பீங்க. போனை ரெக்கார்டுல போட்டுட்டுத் தூங்குங்க. ஆழ்மனசு என்ன சொல்லுதுன்னு கேப்போம்."

"குறட்டைதான் மேடம் இருக்கும்."

"அதையும் கொண்டாங்க. எங்க வீட்டுக்காரர் குறட்டையோட போட்டி வைக்கலாம்."

அவனும் சிரித்தான். மூடி வைத்தது என்ன என்று அவள் கேட்டபோது மட்டும், தெரியலையே என்றான்.

அவனுக்குத் தெரியும். சங்கு குளிக்க இறங்குகிறவனின் இடுப்புக் கயிற்றை வள்ளத்தில் இருந்து பிடிப்பவன், அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன். கூடப் பிறந்தவளை அவன் தாலியறுக்க விடமாட்டான் என்ற நம்பிக்கை. மூச்சுக்குக் கம்பிரசர் வந்த பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. கிளாடின் மச்சானுக்குப் பெவின் பிடித்தான்.

மச்சான் இறந்த அன்று விடியலில் அக்காவின் கன்னத்தில் அவருடைய நான்கு விரல் தடம் இருந்தது. கடலில், பத்துப் பாகம், அதாவது அறுபதடி, ஆழத்திலிருந்து கயிறு இரண்டு முறை இழுபட்டது. தூக்கு என்று அர்த்தம். பெவின் தூக்கவில்லை. கொஞ்சம் திணறட்டும் என்று நினைத்தான். ஒரு பீடி பற்றவைக்கிற நேரம், அவ்வளவுதான். கயிறு மறுபடி இழுபட்டது, வேகமாக. பிறகு இழுபடவே இல்லை. பாறை உரசிக் காற்றுக்குழாய் கிழிந்திருந்தது அவனுக்கு எப்படித் தெரியும்?

கயிறு அசையவே இல்லை என்று கரையில் சொன்னான். அக்கா அவன் தோளில் விழுந்து அழுதாள். "நீ என்னல செய்வ, அழாத" என்று அவனையே தேற்றினாள். அவள் திட்டியிருந்தால் அவனுக்குத் தூக்கம் வந்திருக்கும்.

ரேச்சல் சொன்னபடி மறுநாள் காலை போனைத் தலையணைக்கடியில் ஓடவிட்டுப் படுத்தான். எழுந்தபோது மணி நாலு. கையில் அதே வாசனை. மொட்டைமாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து காதில் இயர்போனைச் செருகிக்கொண்டான்.

வெகுநேரம் மின்விசிறி. தூரத்தில் கப்பல் சங்கு. பிறகு கதவு திறந்தது. தரையில் தட்டு வைக்கும் ஓசை.

"வந்துட்டியளா?"

அமலியின் குரல். அவனை 'ஏலே' என்பதைத் தவிர வேறெப்படியும் கூப்பிடாதவளின் குரல்.

"வந்துட்டேன் புள்ள."

அவன் தொண்டைதான். ஆனால் ஒவ்வொரு சொல்லின் கடைசியையும் இழுத்து விடுகிற அந்தப் பேச்சு கிளாடினுடையது.

மெல்லும் சத்தம். அக்கா சிரித்தாள். "மெதுவாப் பேசுங்க. பெவின் முழிச்சிரப் போறான்."

"அவன் முழிக்க மாட்டான். அவனைக் கீழ விட்டுட்டுத்தான் வந்தேன்."

போனை அணைத்தான். உன் குற்ற உணர்வுதான் அவர் குரலில் பேசுகிறது என்று ரேச்சல் சொல்வாள். இருக்கலாம். அப்படியே இருக்கட்டும். உண்மையைச் சொல்லிவிட்டால் அடியில் கிடப்பதற்கு ஒன்றும் இருக்காது. படியிறங்கி ஓடினான்.

அமலி கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அன்னைக்கு மச்சான் கயித்தை இழுத்தாவ. எனக்குத் தெரிஞ்சுது. நான் தூக்கல."

அவள் விரல்கள் நிற்கவில்லை. "தெரியும். ஈஸ்டருக்கு முந்தியே சொல்லிட்டாவ."

"என்னை அடி, அக்கா. போலீஸ்ல சொல்லு."

"அடிச்சா அவுகளுக்குல்லால வலிக்கும்."

கீரையை ஒதுக்கி வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"மொதல்ல செத்த நேரந்தான் இருந்தாவ. இப்ப ரொம்ப நேரம் இருக்காவ. போய்ப் படு."

"இனி நான் தூங்கவே மாட்டேன்."

"தூங்காண்டாம். இங்கன உக்காரு."

முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்து, சுவரில் முதுகு பதிய உட்கார்ந்தான். மணி ஐந்து பத்து. வாசலில் வெயில். தெருவில் மோர் விற்கிறவர் யாரிடமோ சில்லறை கேட்டார். எல்லாம் கேட்டது. எல்லாம் தெரிந்தது. விழித்திருந்தான்.

அமலி எதிரே வந்து உட்கார்ந்தாள். அவன் கண்ணுக்குள் குனிந்து பார்த்தாள்.

"வந்துட்டியளா?"

பல்லைக் கடித்தான். தாடை விலகியது. நாக்கு அசைந்தது. அவன் அசைக்கவில்லை.

"வந்துட்டேன் புள்ள."

அக்கா என்று கத்தினான். சத்தம் வரவில்லை. வாய் வேறு வேலையாக இருந்தது. அது பேசிக்கொண்டிருந்தது. இழுத்து, நிதானமாக, சொகுசாக. வீட்டுச் செய்தியெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டது.

அமலியின் முகம் மலர்ந்தது. கன்னத்தில் குழி விழ, கண் நிறைய அவள் சிரித்தாள். எட்டு மாதமாக அவன் காண ஏங்கிய சிரிப்பு. இமைக்க முடியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.